மும்பை கொலாபா லியோபோல்ட் கஃபே, சுவத்துல இருக்கற குண்டு ஓட்டை

மாட்டுங்கால இருந்து மாமாவோட போனேன், 1871ல இரான்ல இருந்து வந்தவங்க ஆரம்பிச்ச கடை, சாப்பாடு நல்லாதான் இருந்துச்சு ஆனா மனசுல நின்னது சுவத்துல இருக்கற குண்டு ஓட்டைங்கதான், 2008 நவம்பர் 26 ராத்திரி தீவிரவாதிங்க தாக்குதல்ல விழுந்தது, பூசாம அப்படியே வெச்சிருக்காங்க, ரொம்ப சரி.

கராச்சில இருந்து கடல் வழியா வந்த பத்து பேரோட இது ஆரம்பிக்கலடான்னாரு மாமா. 1979ல சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தான்ல நுழைஞ்சதும் அமெரிக்கா சவுதி பணம் பாகிஸ்தான் உளவுத்துறை ஐஎஸ்ஐ வழியா சோவியத்த எதிர்த்துச் சண்டை போட்ட முஜாஹிதீனுக்கு ஆயுதமா போச்சு, 1989ல சோவியத் கெளம்பிடுச்சு ஆனா பயிற்சி எடுத்தவங்களும் முகாமும் மிச்சம், அந்தப் பத்து பேர அனுப்புன லஷ்கர்-இ-தொய்பா இயக்கம் அந்தப் போர்ல முளைச்சு காஷ்மீர் பக்கம் திரும்புனது. கேட்டுட்டே இருந்ததுல டீ ஆறிப்போச்சு. பசங்கள கூட்டிட்டுப் போங்க, அந்தச் சுவத்தக் காட்டுங்க.