பேனரில் பனிமலை இருந்தது, நான்தான் பார்க்கவில்லை

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் நேரம் என்பதால் அவசரமாக எழுதுகிறேன். பண்டாரவளைப் பக்கம் ஒரு டுவர்ஸ் கவுன்டரில் ‘ஓர்க்கா பார்க்கப் போவோம்’ என்று, அந்தக் கறுப்பு வெள்ளைக் கடல் விலங்கின் படத்தோடு பெரிய பேனர் தொங்குகிறது. கவுன்டரின் பெயரை நான் இங்கே போடவில்லை. பேனரைக் கண்டால் உங்களுக்கே தெரியும்.

என் அக்கா மகனுக்குப் பதினொரு வயது. ஓர்க்கா என்றால் உயிர். பேனரைப் பார்த்த நாள் முதல் ‘மாமா, மாமா’ என்று ஒரே பிடி. கவுன்டரில் இருந்த தம்பியிடம் கேட்டேன். மிரிஸ்ஸயில் போட், காலைச் சாப்பாடு, போக வர வேன், நாலு பேருக்கு 72,000 ரூபா. “ஒக்டோபர் மாசம் நூறு வீதம் ஷுவர் அண்ணே. தெரியாட்டிப் பாதிக் காசு திருப்பித் தருவோம்” என்றான். முப்பதாயிரம் முற்பணம் கட்டினேன். மிச்சத்தை வேனில் ஏறும் முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

பொயா லீவுக்கு நடுச்சாமத்தில் கிளம்பி, எல்ல, வெல்லவாய இறங்கி, விடியும்போது மிரிஸ்ஸ துறைமுகத்தில் நின்றோம். அங்கே பெரிய, இரண்டு தட்டு போட்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எங்களுக்கு வந்தது மீன் நாற்றம் போகாத ஒரு சின்ன போட். லைஃப் ஜாக்கெட்டில் கொக்கி இல்லை. அம்மாவுக்குப் போட்ட ஜாக்கெட்டை போட்காரப் பையன் நைலோன் கயிற்றால் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான், கொழுந்துச் சாக்கைக் கட்டுகிற மாதிரி. அந்த இடத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

வெளிக்கடலுக்குப் போனதும் அலை தூக்கிப் போட்டது. அம்மா வாந்தி எடுத்து, நெற்றி முழுக்கச் சித்தாலேப பூசிக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு மணித்தியாலம் சுற்றினோம். கடைசியில் தூரத்தில் ஐந்தாறு டொல்பின்கள் துள்ளின. அவ்வளவுதான். போட் ஓட்டியவரிடம் சிங்களத்தில் ஓர்க்கா எங்கே என்று கேட்டேன். மனுசன் சிரித்துவிட்டார். பதினாறு வருசமாகக் கடலுக்குப் போகிறாராம், இரண்டே தடவைதான் கண்டிருக்கிறாராம். முழுப் பயணத்திலும் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான்.

ஊருக்கு வந்து பாதிக் காசைக் கேட்டேன். தம்பி கொஞ்சமும் அசரவில்லை. “டொல்பின் கண்டீங்கதானே? ஓர்க்காவும் டொல்பின் குடும்பந்தான் அண்ணே, கூகுள்ல பாருங்க.” கொடுமை என்னவென்றால், அது சரி. டொல்பின் குடும்பத்திலேயே ஆகப் பெரியது ஓர்க்கா என்று வேனில் போகும்போதே மருமகன் எனக்குப் பாடம் எடுத்திருந்தான். அப்புறம் கவுன்டர் தம்பி ரிசீட்டைத் திருப்பிக் காட்டினான். பொடி எழுத்தில் சிங்களத்தில், திமிங்கிலம் அல்லது டொல்பின் இனம் ஒன்று காட்டப்படும் என்று இருந்தது. நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். காசு கட்டிய அன்று யார் எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றார்கள்?

பிறகு விசாரித்ததில் தெரிந்தவை. மிரிஸ்ஸயில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை. தென்மேல் பருவக்காற்று முழுசாக அடங்கினால்தான் அந்தக் கடல் அமைதியாகும். மே முதல் போக வேண்டியது திருகோணமலைப் பக்கம். மிரிஸ்ஸயில் ஆட்கள் தேடிப் போவது நீலத் திமிங்கிலத்தை. தெவிநுவரப் பக்கம் கரைக்குக் கிட்டவே கடல் ஆழமாகிவிடுவதால் அது அங்கே வருகிறது. ஓர்க்கா நம் கடலில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை, எப்போதாவது வரும், படம் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாள் குறித்து டிக்கெட் விற்கிற விசயமல்ல அது. கனடாவின் வன்கூவர், அமெரிக்காவின் சியாட்டில் பக்கக் கடலில்தான் இந்த மாதங்களில் சால்மன் மீன் ஆற்றுக்குத் திரும்ப, அதன் பின்னாலேயே ஓர்க்கா வரும், போட்டில் போய்ப் பார்ப்பார்கள்.

போகிறவர்கள் லைசென்ஸ் உள்ள போட்டா, ஜாக்கெட் ஒழுங்காகப் பூட்டுகிறதா என்று ஏறும் முன்பே பாருங்கள். வாயால் சொல்கிற வாக்குறுதியை ரிசீட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாட்டோம் என்றால் அந்தக் காசுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுக்கலாம். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நான் அழைத்துவிட்டேன், முறைப்பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மருமகனோடு அந்தப் பக்கம் போனேன். பேனரை நிமிர்ந்து பார்த்தவன், “மாமா, ஓர்க்காவுக்குப் பின்னால மலையில ஐஸ் இருக்கு” என்றான். இருந்தது. ஊசியிலை மரமும் இருந்தது. அதன் மேலேயே சிவப்பு எழுத்தில் புதிதாக ஒட்டியிருந்தார்கள்: தீபாவளி விசேட சலுகை.