நானே கட்டிய ஃப்ளை ராட்: கைப்பிடியும் ரீல் சீட்டும் ஏழு ஆண்டுகளில்

ஒன்பது அடி நீளத்தில், 5-ஆம் எண் (நடுத்தர எடை) நூலுக்கேற்ற நான்கு துண்டு ஃப்ளை ராட் ஒன்றை, அதாவது நூலின் எடையைக் கொண்டே செயற்கை ஈயை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோலை, நானே கட்டி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் ஒருவிதப் பொருத்தலோடும், அடுத்த நான்கு ஆண்டுகள் ரீல் சீட்டை (நூல் சுற்றும் ரீலைக் கோலில் மாட்டும் பகுதியை) கழற்றி மீண்டும் ஒட்டிய பொருத்தலோடும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். பிளாங்க் (கோலின் வெறும் குழல்), தக்கைக் கைப்பிடி, ரீல் சீட் மூன்றும் அன்று இருந்தவைதான். ரீல் சீட்டுக்கும் பிளாங்கின் அடிப்பகுதிக்கும் நடுவே வெளியில் தெரியாமல் இருக்கும் இடைவெளியை எதைக் கொண்டு நிரப்பி ஒட்டினேன் என்பது மட்டுமே மாறியது.

கைப்பிடிக்கு அரை அங்குலத் தடிமனுள்ள தக்கை வளையங்கள் பதினான்கு எடுத்துக்கொண்டேன். அடுக்கினால் ஏறத்தாழ 178 மில்லிமீட்டர் வரும். அவற்றை நீர் புகாத மரப்பசையால் ஒட்டி, நடுவே மரையிட்ட கம்பியைச் செருகி, இரு முனைகளிலும் நட்டுகளால் இறுக்கி ஓர் இரவு விட்டுவிட்டேன். அளவுக்கு மீறி இறுக்கினால் தக்கை நசுங்கிப் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும் என்பதால், வளையங்களுக்கிடையே மெல்லிய பசைக்கோடு தெரிந்ததுமே நிறுத்திக்கொண்டேன். பிறகு கடைசலில் சுழலவிட்டு, 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்து, முன்பக்கம் ஒடுங்கி உள்ளங்கை படியும் இடத்தில் சற்றே புடைத்த வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த வேலையில் மனநிறைவு தரும் கட்டம் இதுதான். ஆனால் கைப்பிடியின் ஆயுளை இது தீர்மானிப்பதில்லை.

பிளாங்க் நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் குழல் என்பதால், கைப்பிடியை நுனிப்பக்கமிருந்து கோத்து அடிப்பக்கம் நோக்கி இறக்க வேண்டும். அதன் துளையும் அதே சரிவில் அமைய வேண்டும். வட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, உலர்ந்த நிலையிலேயே பத்துப் பன்னிரண்டு முறை இறக்கிப் பார்த்தேன். உரிய இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் லேசாகப் பிடித்து, மெல்ல அழுத்தினால் போய் அமரும் அளவே சரியானது. இதற்குச் செலவிட்ட ஒரு முழு மாலைப்பொழுதுக்கு ஈடாக, ஏழு ஆண்டுகளில் கைப்பிடி ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

ரீல் சீட்டில்தான் தவறினேன். என் பிளாங்கின் அடி விட்டத்தைவிட ரீல் சீட்டின் மரத்துளை ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அகலம். அந்த இடைவெளியைப் பலரும் செய்வதுபோல மாஸ்கிங் டேப்பை மூன்று இடங்களில் பட்டையாகச் சுற்றி நிரப்பி, ஐந்து நிமிடங்களில் இறுகும் எபாக்ஸியால் (இரு கூறுகளைக் கலந்து பூசும் பசையால்) ஒட்டினேன். இரண்டு பருவங்கள் குறையேதும் இல்லை. மூன்றாம் பருவத்தின் நடுவில், நூலைப் பின்னோக்கி வீசி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கைக்குக் கீழே மிக மெல்லிய ஒரு சொடுக்கு எழுந்தது. முதலில் ரீலின் பாதம் தளர்ந்திருக்கும் என்று நினைத்து நட்டை இறுக்கினேன், ஒலி நிற்கவில்லை. சில வாரங்களில் ரீல், நூல் ஓடும் வளையங்களின் நேர்கோட்டிலிருந்து விலகி நின்றது. கையால் திருகினால் ரீல் சீட் முழுவதும் சுழன்றது.

வெந்நீரின் ஆவியில் எபாக்ஸியை இளகவைத்து இழுத்தபோது ரீல் சீட் எளிதாகவே வந்துவிட்டது. டேப் பட்டைகள் பழுப்பேறி, ஊறிய காகிதக் கூழாக விரல்நகத்தில் வழிந்தன. எபாக்ஸி அவற்றின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் மட்டுமே படிந்திருந்தது. உள்ளடுக்குகளைப் பிடித்திருந்தது டேப்பின் சொந்தப் பசை மட்டுமே. அடிமூடியின் வழியே கசிந்த நீர் அதன் பிடியைத் தளர்த்தியிருந்தது. விரைவில் இறுகும் எபாக்ஸி, மெதுவாக இறுகுவதைக் காட்டிலும் நீரையும் வெப்பத்தையும் குறைவாகவே தாங்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. பட்டைகளுக்கிடையே போதிய இடம் விட்டு, ஓரங்களையும் எபாக்ஸியால் மூடியவர்களுக்கு மாஸ்கிங் டேப் நெடுநாள் உழைத்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. என் கோலில் அந்தக் கவனம் இருக்கவில்லை.

நான் தேர்ந்தெடுத்திருந்தது அடிப்பக்கம் நோக்கி இறுகும் வகை ரீல் சீட் என்பதால் தக்கைக்குச் சேதம் நேரவில்லை. மேல்நோக்கி இறுகும் வகைகளில் ரீலின் பாதத்தைப் பிடிக்கும் உலோகக் குமிழ் பெரும்பாலும் தக்கைக்குள்ளேயே புதைந்திருக்கும். அதைக் கழற்றினால் கைப்பிடியும் சிதையும். ஆனால் என் வகையில் ரீல் கோலின் கடைக்கோடியில் நிற்பதால், கோலைச் சாய்த்து வைக்கும்போதெல்லாம் ரீல் தரையில் உரசுகிறது. அடுத்த கோலுக்கு எதைத் தேர்வேன் என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை.

இரண்டாம் முறை பிளாங்கின் பளபளப்பு மட்டும் போகும்படி 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தேன். சுவர் விரிசல்களை மூட ஒட்டும் கண்ணாடியிழை வலை டேப்பை எபாக்ஸியில் நனைத்தபடியே சுற்றினேன். வலைக்கண்கள் வழியே எபாக்ஸி ஊடுருவுவதால் அடுக்குகள் யாவும் ஒரே கட்டியாக இறுகிவிடுகின்றன. இருபத்து நான்கு மணி நேரம் எடுக்கும் எபாக்ஸியைச் சம அளவில் கலந்து, மரத்துளையின் உட்புறத்திலும் தடவினேன். இறுகும் முன் ரீலை மாட்டி, நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து நூல் ஓடும் வளையங்களோடு நேராக்கினேன். அடிமூடியைக் கடைசியில் பொருத்தியபோது உள்ளே சிக்கிய காற்று அதைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. டேப்பால் இழுத்துக் கட்டி வைக்க வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகளாக அந்தச் சொடுக்கொலியை மீண்டும் கேட்கவில்லை.

தக்கையைப் பொறுத்தவரை, தக்கைத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த குழிகளில் கட்டைவிரல் அழுந்தும் இடத்திலிருந்தவை இரண்டாம் ஆண்டிலேயே உதிர்ந்தன. பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான தூரிகையும் அழுக்கை நன்றாகவே நீக்குகின்றன. மேற்பூச்சு எதையும் நான் பூசவில்லை, ஈரக்கையில் தக்கை தரும் பிடிமானத்தைப் பூச்சு குறைத்துவிடும் என்பதால். முன் விளிம்பில் மட்டும் இரண்டு வளையங்கள் பொரிந்திருக்கின்றன. தூண்டில் முள்ளைத் தக்கையில் குத்தி வைக்கும் பழக்கத்தால் வந்த சேதம் அது. கைப்பிடிக்குச் சற்று மேலே முள் மாட்டும் சிறு கம்பி வளையம் ஒன்றை நூலால் சுற்றிக் கட்டிய பிறகு அது மேலும் பரவவில்லை.