எஸ்ஏபி-யின் ஷெட்யூலிங் அக்ரிமென்ட்: கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு மதிப்பீடு

கோவையில் மோட்டார் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். ஃபவுண்டரிகளிலிருந்து (வார்ப்பாலைகள்) வாரந்தோறும் வரும் காஸ்டிங்குகளுக்குத் (வார்ப்புப் பாகங்கள்) தனித்தனியாகப் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுவந்த நாங்கள், எஸ்ஏபி என்னும் நிறுவன நிர்வாக மென்பொருளின் ஷெட்யூலிங் அக்ரிமென்ட் (தேதிவாரியாகப் பொருள் வாங்கும் நீண்டகால ஒப்பந்தம்) வசதிக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. விலையும் நிபந்தனைகளும் எம்இ31எல் திரையில் ஒருமுறை பதிவாகிவிட்டால், எந்தத் தேதிக்கு எத்தனை உருப்படி என்பதை மட்டும் எம்இ38-இல் சேர்த்துக்கொண்டே போகலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மொத்த எண்ணிக்கைக் கணக்குதான். முன்பெல்லாம் சப்ளையர் அனுப்பிவிட்டதாகச் சொல்வார், ஸ்டோர்ஸில் வரவில்லை என்பார்கள், சலான்களைப் புரட்டுவதிலேயே அரைநாள் கழிந்துவிடும். இப்போது நாங்கள் அனுப்பும் ஷெட்யூல் தாளிலேயே அதுவரை வரவு வைத்த மொத்தமும் கடைசியாக வந்த சலானின் விவரமும் அச்சாகியிருப்பதால், எந்த லோடு இன்னும் வழியில் இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஒரே தாளைப் பார்த்துப் பேசிக்கொள்ள முடிகிறது.

ஒப்பந்தத்தை எல்பி (ரிலீஸ் பதிவு இல்லாதது), எல்பிஏ (ரிலீஸ் பதிவு உள்ளது) என இரு வகைகளில் போடலாம்; ரிலீஸ் என்பது சப்ளையருக்கு அனுப்பும் ஷெட்யூலின் பதிவு. எல்பிஏ-வையே பரிந்துரைப்பேன், எம்இ84-இல் ரிலீஸ் உருவாக்கினால்தான் ஷெட்யூல் வெளியே செல்லும் என்பதோடு, என்றைக்கு என்ன கேட்டோம் என்ற வரலாறும் அதில் நிற்கும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஃபர்ம் ஸோன். அடுத்த இத்தனை நாள்களுக்கான ஷெட்யூல் மாறாது என்று சப்ளையருக்கு நாம் தரும் வாக்கு அது. தொடக்கத்தில் நாங்கள் நாள்களின் எண்ணிக்கையை நிரப்பினோமே தவிர, அதன் அருகிலுள்ள குறியீட்டை வெற்றாக விட்டுவிட்டோம். அப்படி விட்டால் அந்த நாள்கள் தாளில் அச்சாகும், ஆனால் எம்ஆர்பி (பொருள் தேவையைக் கணக்கிட்டு ஷெட்யூலைத் தானாக மாற்றும் திட்டமிடல்) ஓட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஒரு திங்கட்கிழமை காலை பார்த்தபோது அந்த வாரத்துக்கான 400 கேஸிங் (பம்பின் வெளிக்கூடு) 150 ஆகக் குறைந்திருந்தது; ஃபவுண்டரியிலோ அதற்குள் உலோகம் ஊற்றி முடித்திருந்தார்கள். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த 400-ஐக் காட்டி, "இதை நம்பித்தானே சார் ஊத்தினோம்" என்று ஃபவுண்டரி உரிமையாளர் கேட்டது இன்றும் மனத்தில் இருக்கிறது. அந்த 400-ஐயும் எடுத்துக்கொண்டோம். குறியீட்டை 1 என்று வைத்தபின், ஃபர்ம் ஸோனுக்குள் இருக்கும் வரிகளை எம்ஆர்பி தொடுவதில்லை.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வாங்கும் பொருள்களுக்கு இந்த ஏற்பாடு வேண்டியதில்லை. அவற்றுக்குச் சாதாரண பர்ச்சேஸ் ஆர்டரே போதும்.