சுற்றாடல் விளையாட்டுப் பெட்டி: கிணறு தேறுகிறது, ஆறு தேறவில்லை

யாழ்ப்பாண நகரப் புத்தகக் கடைகளில் இப்போது ஒரு பச்சை நிற மட்டைப் பெட்டி விற்பனைக்கு இருக்கிறது. விலை 3,450 ரூபாய். 3 முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்கு என்று மேலே போட்டிருக்கிறார்கள். உள்ளே ஐந்து விளையாட்டுகள். அவற்றில் ஒன்று மிக நல்லது, இரண்டைத் திருத்தி எடுக்கலாம். மிச்சம் இரண்டுக்கும் கொடுத்த காசு கொஞ்சம் கூட.

நல்லது நிலத்தடி நீர்ப் பெட்டி. அடி தெரிகிற பிளாஸ்ரிக் தொட்டி, ஒரு பை மணல், சவர்க்காரப் போத்தலில் இருப்பது போன்ற கைப்பம்ப், மரத்தில் செய்த வீடு, மாடு, கார். மணலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, ஒரு மூலையில் பம்பை நட்டு, ஒன்றரை லீற்றர் தண்ணீர் விட வேண்டும். பிள்ளை பம்பை அமத்தத் தண்ணீர் வரும், அதுதான் கிணறு. பிறகு மற்ற மூலையில் சாயத்தை ஊற்றி, மழை பெய்வது போல மேலே தண்ணீர் தெளித்து, திரும்ப அமத்திப் பார்க்க வேண்டும்.

பிழை மணலில் இருக்கிறது. மணலுக்குள்ளால் சாயம் மெல்ல மெல்லத்தான் நகரும். நிறம் வருமுன் பிள்ளை எழும்பிப் போய்விடும். போகாமல் இருந்தாலும், மண் எல்லாவற்றையும் வடித்துவிடும் என்றுதான் விளங்கிக்கொள்ளும். குடாநாட்டுக்கு அந்தப் பாடம் பொருந்தாது. இங்கே மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. மணலைக் கொட்டிவிட்டு அரை இஞ்சிச் சல்லிக்கல்லை நன்றாகக் கழுவிப் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு அமத்தலில் பம்பின் வாயில் நிறம் வந்துவிடும். சாயத்துக்கு பீற்றூட் சாறு போதும். மஞ்சள் தூள் கரையாது, கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொரு குறை: வீடு இருக்கிறது, மலசலகூடக் குழி இல்லை. ஓட்டை போட்ட ஒரு போத்தல் மூடியைக் குழியாக வைத்து, முதலில் கிணற்றுக்குப் பக்கத்திலும் பிறகு தூரத்திலும் சாயத்தை விட்டு, எத்தனை அமத்தலில் நிறம் வருகிறது என்று பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். இரண்டு முறைக்கும் இடையில் சல்லியைக் கழுவ மறக்கக்கூடாது. பம்ப் இறுகினால் குழாய்க்குள் துகள் அடைத்திருக்கும். நுனியில் பழைய வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள்.

விதைப் பொதியில் கொத்தமல்லி, தக்காளி, சூரியகாந்தி. கொத்தமல்லி முளைக்க பத்து நாளாவது வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று நாளே பெரிய காலம். பயற்றை இரவில் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் மறுநாள் வெள்ளை மூக்கு நீட்டும். கௌபியை ஓட்டை போட்ட சிரட்டையில் ஊன்றினால் மூன்று நாலு நாளில் மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். கூடவே தந்திருக்கும் தும்புத்தூள் வில்லை நம்முடைய வெயிலில் மத்தியானத்துக்கு முன்னமே காய்ந்துவிடுகிறது; காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். தீவுப் பகுதி உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் இலையோரம் கருகும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது.

ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பெட்டியில் இல்லாத ஒன்று: பனங்கொட்டை. ஆவணி, புரட்டாதியில் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். இடையில் மேலே ஒன்றும் தெரியாது. பொறுத்திருந்தவர்களுக்கு அவித்த கிழங்கு கிடைக்கும். எந்த மட்டைப் பெட்டியும் அதைத் தராது.

உக்குவது, உக்காதது காட்டும் விளையாட்டு வந்தபடியே வேலைசெய்யாது. இறுக்க மூடிய சிறு போத்தல், காய்ந்த மண். ஈரமும் காற்றும் இல்லாமல் எதுவும் சரியாக உக்காது. அடியில் துளையுள்ள மண்சட்டி, தோட்டத்து மண், ஒரு பிடி உக்கிய மாட்டெரு எடுங்கள். வாழையிலைத் துண்டு, கடதாசி, லஞ்ச் சீற் (சோறு சுற்றும் பொலித்தீன் தாள்), ரொபித் தாள் எல்லாவற்றையும் வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுப் புதைத்தால் தேடிக் கிண்டத் தேவையில்லை. பிழிந்த துணி போல ஈரம் இருக்கட்டும். நாலு கிழமையில் திறக்கலாம். நாறினால் தண்ணீர் கூடிவிட்டது. எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது. வலைப்பையும் அப்படியே கிடக்கிறதே என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், கேட்கட்டும்.

குப்பை பிரிக்கும் அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘ஆற்றில் குப்பை போடாதே’ என்கிறது ஒரு அட்டை. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறு தவிர ஆறு கண்டிராத பிள்ளைக்கு அது என்ன சொல்லும்? வாய்க்காலையும் கேணியையும் வரைந்து ஒட்டினால் சரி. அட்டையில் பிளாஸ்ரிக் குப்பை போடும் தொட்டி மஞ்சள் நிறம். இங்கே பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கடதாசிக்கு நீலம், உக்கும் குப்பைக்குப் பச்சை. பிள்ளை தெருவில் காணும் நிறத்தைத்தான் பழக்க வேண்டும்.

காந்தத் தூண்டிலால் ‘கடல்’ குப்பை பிடிக்கும் விளையாட்டில் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். ஆனால் காந்தம் சட்டைப் பொத்தான் அளவு, ஒட்டியிருப்பதோ வெறும் பசையில். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் துளைத்துவிடும். ஒவ்வொன்றையும் துணிக்குள் வைத்துத் தைக்காமல் கொடுக்க வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இதை வெளியே எடுக்கவே வேண்டாம்.

முன்பள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினால் போதும். ஆறு பிள்ளைகளுக்கு மேல் ஒரு தொட்டியைச் சுற்றி நிற்க முடியாது. வீட்டுக்கென்றால் வாங்கத் தேவையில்லை. பழைய ஐஸ்கிரீம் பெட்டி, சவர்க்காரப் போத்தல் பம்ப், சல்லி இருந்தால் நல்ல பாதி வந்துவிடும். மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, விளையாடி முடிந்ததும் சிரட்டை, மூடி, தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு வளர்ந்து பறக்க ஏழு பத்து நாள் போதும். கவிழ்க்கும் வேலையையும் பிள்ளைகளிடமே விடலாம்; பெட்டிக்குள் வராத ஆறாவது விளையாட்டு அது.