டியரிங் குட் டைம் பான்ஜோ: வாங்கியபின் முதலில் எந்தப் பாட்டு?

பழகத் தொடங்குபவருக்கு டியரிங் நிறுவனத்தின் குட் டைம் நல்ல ஐந்து கம்பிப் பான்ஜோ. ஆனால் மூன்று மாதம் கழித்தும் அது கையில் இருக்குமா, அலுமாரிக்கு மேலே போய்விடுமா என்பது முதலில் எடுக்கிற பாட்டைப் பொறுத்தது. அதனால் இந்த மதிப்புரையில் வாத்தியத்துக்குப் பாதி, பாட்டுக்குப் பாதி.

முதலில் வாத்தியம். கலிபோர்னியாவின் ஸ்பிரிங் வலியில் செய்கிறார்கள். மேப்பிள் மரக் கழுத்து, 11 அங்குல வளையம், 22 ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகள்), பின்பக்கம் திறந்தது. எடை ஏறக்குறைய 1.8 கிலோதான், மடியில் வைத்து ஒரு மணி நேரம் வாசித்தாலும் தோள் நோகாது. ஐந்தாம் கம்பியின் முறுக்காணி பற்சக்கரம் உள்ளது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மலிவான பான்ஜோக்களில் அந்த ஆணி வெறும் உராய்வில் நிற்பது, ஒரு மயிரிழை திருப்பினால் சுதி ஒரு சுரம் தாண்டிவிடும். தொடக்கத்தில் பலரும் வெறுத்துப்போவது இந்த இடத்தில்தான்.

பின்பக்கம் மூடிய, ரெசனேட்டர் உள்ள குட் டைமும் கிடைக்கிறது. சத்தம் கூட. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருப்பவருக்குத் திறந்த பின்பக்கமே வசதி. ஒரு பழைய காலுறையைச் சுருட்டி முன்பக்கத் தோலுக்கும் உள்ளே போகும் கம்பித்தண்டுக்கும் நடுவே செருகினால் சத்தம் பாதியாகும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வருவிக்கும் பான்ஜோ பெட்டியைத் திறந்தவுடன் வாசிக்கிற நிலையில் இருக்காது. தோலின்மேல் கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. வழியில் சாய்ந்திருக்கும், சிலவேளை கழன்றே கிடக்கும். நட்டிலிருந்து (கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் கட்டை) 12ஆம் ஃபிரெட் வரை 13⅛ அங்குலம். அதே தூரத்தை 12ஆம் ஃபிரெட்டிலிருந்து அளந்து, ஒரு மயிரளவு தள்ளிப் பிரிட்ஜை நிறுத்துங்கள். பிறகு முதலாம் கம்பியை 12ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே மெல்லத் தொட்டு ஒலியுங்கள், அடுத்து அதே இடத்தில் அழுத்தி ஒலியுங்கள். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் பிரிட்ஜைக் கழுத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும், தாழ்ந்திருந்தால் கழுத்துப்பக்கம். இதைச் செய்யாமல் வாசித்தால் திறந்த கம்பிகள் சுதியில் இருக்கும், அழுத்துகிற எல்லாச் சுரமும் பிசகும். பாவம், பழகுகிறவர் தன் காதைக் குறைசொல்வார்.

தோல் தளர்ந்திருந்தால் பிரிட்ஜ் அமிழ்ந்து, கம்பி ஃபிரெட்டில் உரசும். நேரான அடிமட்டம் ஒன்றைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தோலின்மேல் வைத்துப் பாருங்கள், நடுவில் நாணயத்தின் தடிப்பைவிட அதிக இடைவெளி தெரிந்தால் தளர்வு. சுற்றியுள்ள கொக்கிகளை ஒன்றுக்கு எதிரானது என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் கால் திருப்புக்கும் குறைவாக முறுக்குங்கள். ஒரே பக்கத்தை இறுக்கினால் தோல் ஒருச்சாய்ந்து, கடைசியில் கிழியும்.

இப்போது சுதி. நாலாம் கம்பி டி, மூன்றாவது ஜி, இரண்டாவது பி, முதலாவது டி, குட்டையான ஐந்தாவது மேல் ஜி. அதாவது கையே வைக்காமல் எல்லாக் கம்பியையும் வருடினால் ஜி மேஜர் கோட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). நம் கணக்கில் 5 கட்டைச் சுதி. திறந்த கம்பிகள் ச, க, ப என்று மூன்றே சுரம். இதைக் கவனித்தால் முதல் பாட்டைத் தேடுவது பாதி முடிந்தது. ச, க, ப, அவற்றோடு ரி, த சேர்ந்தால் மோகனம். மோகன ராகத்தில் இந்தப் பான்ஜோவின் எந்தத் திறந்த கம்பியும் அபசுரமாகாது. தவறுதலாகப் பக்கத்துக் கம்பியைத் தட்டினாலும் காதில் குத்தாது. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

ஆகவே எங்கள் தெரிவில் முதல் மெட்டு, மோகனத்தில் அமைந்த தொடக்கநிலைக் கீதமான வரவீணா. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதிய பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் கீதத்தை முணுமுணுக்கத் தெரியாதவர் குறைவு. முதல் வரி "க க ப , ப ,". இரண்டாம் கம்பி திறந்து இருமுறை, முதலாம் கம்பி திறந்து இருமுறை. இடக்கைக்கு வேலையே இல்லை. இங்கே கார்வையை (காற்புள்ளி குறிக்கிற நீட்டிப்பை) வெறுமனே விடவேண்டாம்: ஒவ்வொரு ப-வுக்கும் பின்னால் பெருவிரலால் ஐந்தாம் கம்பியைத் தட்டுங்கள். பான்ஜோவின் ஒலி சட்டென்று அடங்குவது, கார்வை தாங்காது. அந்த வெற்றிடத்தை ஐந்தாம் கம்பியால் நிரப்புவதுதான் இந்த வாத்தியத்தின் வாசிப்பு முறையே. அடுத்தது "த ப ச , ச ,": முதலாம் கம்பி இரண்டாம் ஃபிரெட், பிறகு திறந்து, மேல் ச-வுக்கு ஐந்தாம் கம்பியே போதும். இந்தக் கார்வையை மூன்றாம் கம்பியால் நிரப்புங்கள். மூன்றாவது வரி "ரி ச த த ப ,". மேல் ரி முதலாம் கம்பியின் ஏழாம் ஃபிரெட்டில் இருக்கிறது, அங்கே போய் உடனே இரண்டாம் ஃபிரெட்டுக்கு இறங்க வேண்டும். சறுக்குகிற ஒரே இடம் இது. நடுவில் வரும் ச திறந்த ஐந்தாம் கம்பி என்பதால், அது ஒலிக்கும்போதே இடக்கையை நகர்த்திவிடுங்கள். "த ப க க ரி ," என்று முடிவது மூன்றாம் கம்பி இரண்டாம் ஃபிரெட்டில். க க என்று ஒரே கம்பி இருமுறை வரும்போது சுட்டுவிரலாலேயே இரண்டையும் தட்டினால் மெதுவாக வரும்வரை சரி, வேகம் கூட்டும்போது விரல் இறுகும். பெருவிரல், சுட்டுவிரல் என்று மாற்றித் தட்டப் பழகுங்கள்.

சுரத்தை அசைத்து வளைக்கிற கமகம் வராதே என்பார்கள். வராதுதான். ஃபிரெட் இருக்கிறது, ஒலியும் நிலைக்காது, அதனால் தோடியையும் பைரவியையும் இதில் கொண்டுவரப் பார்ப்பது வீண். கமகம் வேண்டாத உருப்படிகள் நம்மிடமே இருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களில், மேற்கத்திய மெட்டுகளில் அமைந்தவை. "சந்ததம் பாஹிமாம்" பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு. இரண்டாவதாக இதை எடுக்கலாம். மோகனத்தில் இல்லாத ம (இரண்டாம் கம்பி முதல் ஃபிரெட்), கீழ் நி (நாலாம் கம்பி நாலாம் ஃபிரெட்) இரண்டும் இதில் வருவதால் விரல் புதிய இடங்களைத் தேடிப்போகும்.

கோட் பிடித்து ரோல் (கம்பிகளை ஒரே விரல் வரிசையில் திரும்பத் திரும்பத் தட்டுவது) அடிக்கப் பழக அமெரிக்க நாட்டுப் பாட்டு "பொயில் தெம் கபேஜ் டவுன்" நல்லது. ஜி, சி, டி மூன்றே கோட். ஜி-க்குக் கை வேண்டாம். சி-க்கு நாலாம் கம்பி இரண்டு (அதாவது இரண்டாம் ஃபிரெட்), இரண்டாம் கம்பி ஒன்று, முதலாம் கம்பி இரண்டு. டி-க்கு இரண்டு விரலில் முடிகிற டி செவன்: மூன்றாம் கம்பி இரண்டு, இரண்டாம் கம்பி ஒன்று. சி-யிலிருந்து இதற்கு மாறும்போது சுட்டுவிரல் அசையவே கூடாது. வலக்கையில் கம்பி வரிசை 3-2-5-1, பிறகு 4-2-5-1. பெருவிரல், சுட்டு, பெருவிரல், நடு. மெட்ரோனோமை 60-இல் வைத்து, தட்டுக்கு இரண்டு ஒலி. 60-இல் பாட்டாகக் கேட்கிற பாட்டுத்தான் முதல் பாட்டு. மெதுவாக வாசித்தால் அடையாளமே தெரியாதென்றால் அதைப் பிறகு பார்க்கலாம். அமெரிக்கப் பான்ஜோக் கலைஞர் ஏர்ல் ஸ்கிரக்ஸ் 1949-இல் பதிவுசெய்த "ஃபொகி மவுன்டன் பிரேக்டவுன்" அப்படியானது. எல்லோருக்கும் முதல்நாளே ஆசை வருவதும் அதில்தான். வேகம்தான் அதன் உயிர், அந்த வேகத்துக்கு விரல் வர ஒரு வருடமாவது விடுங்கள். நடுவில் "கிரிப்பிள் கிரீக்" இருக்கிறது: கம்பியில் வழுக்குவது, விரலால் அடித்து ஒலிப்பது, இழுத்து விடுவது மூன்றும் ஒரே பாட்டில், சின்னச் சின்ன அளவில் வரும்.

இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலா வாசிக்கத்தானே வாங்கினோம் என்பவர்களுக்கு ஒரு சொல். பாட்டைப் போட்டுக் காலால் தாளம் தட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு மூன்று மூன்றாக விழுந்தால் (பைலாவில் பெரும்பாலும் அப்படித்தான்) மேலே சொன்ன ரோல் பொருந்தாது, எட்டு ஒலி ஆறுக்குள் அடங்காமல் இடறும். அதற்குப் பெருவிரல், சுட்டு, நடு என்ற மூன்று ஒலி ரோல், அழுத்தம் எப்போதும் பெருவிரலில். "சின்ன மாமியே" போல வாயில் ஏற்கெனவே இருக்கிற பாட்டொன்றை எடுத்து, முதலில் கோட் மாறும் இடங்களை மட்டும் குறித்து, ரோலோடு பாடிப் பழகுங்கள். மெட்டை வாசிப்பது பிறகு. சோகமான மைனர் சாயல் சினிமாப் பாட்டுகளைத் தொடக்கத்தில் தவிருங்கள். திறந்த இரண்டாம் கம்பி பெரிய காந்தாரம், ஒவ்வொரு சுற்றிலும் பாட்டோடு சண்டைபிடிக்கும்.

சுதியை ஏற்றக் கேப்போ (கம்பிகளை ஒரு ஃபிரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுபவர்கள் ஐந்தாம் கம்பியை மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் மற்ற நான்கும் ஏறும், குட்டைக் கம்பி ஜி-யிலேயே நிற்கும். அதையும் ஏ-க்கு முறுக்கலாம், மெல்லிய கம்பி அறுந்தால் ஆச்சரியமில்லை. அதற்கென்று விற்கும் சின்னக் கேப்போ நல்லது.

கொழும்புக் கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்புறமும் சேர்த்துத் துடைத்துப் பையில் வையுங்கள். பான்ஜோக் கம்பிக் கட்டு எல்லாக் கடையிலும் இருக்காது. நடுத்தரப் பருமன், முதலாம் கம்பியிலிருந்து ஐந்தாவது வரை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் 10, 12, 16, 23, 10 (நாலாவது மட்டும் சுற்றுக் கம்பி). மின் கிற்றாருக்கு விற்கும் தனிக் கம்பிகளில் இந்த அளவு அல்லது ஓர் இலக்கம் முன்பின் எடுத்தால் போதும். நுனியிலுள்ள உருண்டையைக் குறட்டால் நசுக்கிக் கழற்றினால் மிஞ்சுவது பான்ஜோவுக்கு வேண்டிய வளையம். வளையத்தை நசுக்கிவிடாமல் உருண்டையின் விளிம்பைப் பிடித்து நெரியுங்கள்.

விரலில் மாட்டித் தட்டும் பிக் மூன்று வேண்டும்: பெருவிரலுக்கு பிளாஸ்டிக், மற்ற இரண்டு விரலுக்கும் உலோகம். உலோகத் தகடு விரலின் உட்பக்கச் சதையை ஒட்டி இருக்கவேண்டும், நகத்தின் பக்கம் அல்ல.

வாங்குமுன் எந்தப் பான்ஜோ என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். தட்டச்சுப் பொறிபோல் விசை உள்ள புல்புல்தாராவையும் பான்ஜோ என்று விற்பவர் உண்டு. பழைய பைலா வாசிப்பில் கேட்பது நான்கு கம்பிப் பான்ஜோ. கல்யாண வீட்டுக் குழுவொன்றோடு சேர்ந்து பிக்கால் கோட் அடிப்பதுதான் நோக்கமென்றால் குட் டைமின் ஐந்து கம்பியை விட்டு நான்கு கம்பியை வாங்குங்கள். மேலே சொன்ன ரோல் எதுவும் அதற்குத் தேவைப்படாது.