மாடித் தொட்டியில் டீக்கு எது: துளசியா, புதினாவா, எலுமிச்சைப் புல்லா?

கடையில் பைகளாக விற்கும் மூலிகை டீயை விட்டுவிட்டு, பச்சை இலையிலேயே போட்டுக் குடிக்கலாம் என்று முடிவு செய்தபோது எங்கள் சென்னை வீட்டு மாடியில் மூன்று செடிகளுக்கும் இடம் கொடுத்தோம். இப்போது பெரிய தொட்டி எலுமிச்சைப் புல்லுக்குத்தான். மற்ற இரண்டும் ஓரமாக இருக்கின்றன.

ருசியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். துளசி காரம், புதினா குளுமை, புல் எலுமிச்சை மணம். யாருக்கு எது பிடிக்குமோ அது. என் கணக்கு வேறு: தினமும் ஒரு கோப்பைக்குப் பறித்தால் செடி தாங்குமா, அதுவும் அக்னி நட்சத்திர வெயிலில்?

புதினா வளர்ப்பது சுலபம் என்பார்கள். நட்டு வைப்பது சுலபம்தான், கடைக் கட்டிலிருந்து நல்ல தண்டாக எடுத்துத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். ஆனால் மே மாத மொட்டை மாடியில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் தலை தொங்கிவிடும். நிழல் வலை கட்ட வேண்டும், காலையும் மாலையும் ஊற்ற வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு? தெருமுனைக் கடையிலேயே கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே.

துளசி வெயில் தாங்கும். பூ விட்டால்தான் தொல்லை. மஞ்சரியைக் கிள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் இலை சிறுத்து, தண்டு கட்டை பாய்ந்துவிடும். மாவுப்பூச்சியும் வரும். போதாததற்கு மாடத்துத் துளசி என்றால் துவாதசியில் பறிக்காதே, பொழுது சாய்ந்தபின் தொடாதே என்று அம்மா சொல்வார். நான் டீ குடிப்பதோ பொழுது சாய்ந்தபின்!

எலுமிச்சைப் புல்லுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்லை. நல்ல வெயில், தேங்காத தண்ணீர், ஆழமான தொட்டி இருந்தால் போதும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அடியோடு வெட்டாமல் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் தூர் தொட்டியை அடைத்துக்கொண்டு நடுவில் காயத் தொடங்கும். அப்போது பிரித்து, வேரோடு இருக்கும் இளந்தூர்களைத் திரும்ப நட்டால் புதுச் செடி. விதை வாங்கும் வேலையே இல்லை. தாளின் விளிம்பு மட்டும் கையை அறுக்கும், கத்தரிக்கோல் நல்லது.

நர்சரியில் வாங்கும்போது ஒரு தாளைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். கொசு விரட்டும் எண்ணெய் வாடை அடித்தால் அது சிட்ரோனெல்லா என்ற வேறு புல், டீக்கு ஆகாது. அதன் அடித்தண்டு பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும்.

டீ போடுவதிலும் எலுமிச்சைப் புல்லுக்குத்தான் பொறுமை அதிகம். புதினாவைக் கொதிக்க விட்டால் மணம் ஆவியாகிவிடும். அடுப்பை அணைத்தபின் போட்டு மூடத்தான் வேண்டும். புல்லை இரண்டு தாள் நறுக்கி, தட்டிய இஞ்சியோடு ஐந்து நிமிடம் கொதிக்க விடலாம். பாலிலும் போடலாம். மணத்துக்குக் காரணமான சிட்ரால் எலுமிச்சைத் தோலிலும் இருப்பதுதான், ஆனால் இதில் புளிப்பு கிடையாது, அதனால் பால் திரியாது. மும்பைப் பக்கம் காய்கறிக் கடையிலேயே இந்தப் புல்லைக் கட்டாக விற்பார்கள். இஞ்சி டீயில் போடுவது அங்கே சாதாரணம்.

சளி பிடித்திருந்தால் மட்டும் என் கை துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் போகும். கற்பூரவல்லி இன்னும் சுலபமான செடி, ஒரு தண்டை ஒடித்து நட்டால் வந்துவிடும். ஆனால் அதைக் கொதிக்கவைத்தால் கிடைப்பது கஷாயம், டீ இல்லை. பஜ்ஜி போடலாம்.

இதெல்லாம் சென்னை வெயிலை வைத்துச் சொல்வது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் நான் எதையும் வளர்த்ததில்லை. அங்கே புல் சுணங்கி, புதினா செழிக்கும் என்றுதான் நினைக்கிறேன். வெயில் எட்டாத பால்கனி மட்டும் உள்ளவர்களும் புதினாவையே வைத்துக்கொள்ளலாம், நிழலில் புல்லின் தாள் மெலிந்து மணம் குறைந்துவிடும்.