டூக்கியா, எனிமாவா? நான் பேஸ் பக்கம்

பாப் பங்க்கில் (பாப் மெட்டுகளோடு வரும் வேகமான பங்க் ராக்) ஒரே ஒரு ஆல்பத்தை இசைத்தட்டாக வாங்கலாம் என்று உட்கார்ந்தபோது கடைசிச் சுற்றுக்கு வந்தவை இரண்டு: கிரீன் டேயின் டூக்கி (1994), பிளிங்க்-182இன் எனிமா ஆஃப் தி ஸ்டேட் (1999). வாங்கியது டூக்கியை. அதனால் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டுமே கலிபோர்னியாக் குழுக்கள், இரண்டிலும் மூன்று பேர், இரண்டு ஆல்பமும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டும் கோடிக்கு மேல் விற்றவை. வேகத்திலோ கோரஸிலோ குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல வருடம் ஓட்டினாலும் எது சலிக்காது என்பதுதான் கேள்வி, எனக்கு அதைத் தீர்த்துவைத்தது, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்.

டூக்கியில் உள்ள லாங்வியூ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரே கூலின் டிரம்ஸ் மேல் மைக் டர்ன்ட்டின் பேஸ் சோம்பலாக ஆடி ஆடி வரும். சரணம் முழுக்க அந்த இரண்டும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரலும்தான், கிட்டார் வாயே திறக்காது. வேலைவெட்டி இல்லாமல் டிவி முன்னால் கிடப்பவனின் பாட்டு அது, அவனுடைய அலுப்பை வரிகளைவிட பேஸ்தான் நன்றாகச் சொல்கிறது, அப்புறம் கோரஸில் கிட்டார் திபுதிபுவென்று உள்ளே புகும்போது ஆள் எழுந்து நின்றுவிடுவான். அதே ஆல்பத்தின் வென் ஐ கம் அரவுண்டில் கிட்டார் அதே நான்கு கார்டுகளை (ஸ்வரக் கூட்டுகளை) சுற்றிச் சுற்றி வர, அடியில் பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டு போட்டுக்கொண்டிருக்கும். குரலைப் பிடித்துக்கொண்டு கேட்டுச் சலித்தால் பேஸைப் பிடித்துக்கொண்டு கேட்கலாம், பாட்டு மறுபடி புதுசாகிவிடும்.

எனிமாவில் எனக்கு அந்த இரண்டாவது வழி கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அதைத் தயாரித்த ஜெர்ரி ஃபின், டூக்கியின் மிக்ஸிங்கிலும் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் வேலை) இருந்தவர். ஆக, வித்தியாசம் வாசிப்பில் இருக்கிறது: பிளிங்க்-182இல் பேஸ் வாசிக்கும் மார்க் ஹாப்பஸ் பெரும்பாலும் கிட்டாரோடு ஒட்டியே ஓடுகிறார். பளபளவென்று இருக்கிறது, முதல் தடவையே எல்லாம் கைக்கு வந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினையும். ஒன்று சொல்லிவிட வேண்டும், நான் எனிமாவைப் பெரும்பாலும் இயர்போனில்தான் கேட்டிருக்கிறேன். நல்ல ஸ்பீக்கரில் அந்த பேஸ் பிரிந்து கேட்குமோ என்னவோ.

ஆனால் எனிமாவில் உள்ள ஆடம்ஸ் சாங் விஷயத்தில் தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். அத்தனை கேலி கிண்டலுக்கு நடுவில் தனிமையையும் தற்கொலை எண்ணத்தையும் பேசும் பாட்டு திடீரென்று வந்து நிற்கும். டூக்கியில் பேஸ்கெட் கேஸும் பதற்ற நோயைப் பற்றியதுதான், ஆனால் அது கூடச் சேர்ந்து கத்தத் தோன்றும் பாட்டு, நம்மை நிறுத்தி உட்காரவைக்காது.

டிரம்ஸிலும் அப்படித்தான். டிராவிஸ் பார்க்கர் பிளிங்க்-182க்காகப் பதிவு செய்த முதல் ஆல்பமே எனிமாதான், டிரே கூலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார். வீட்டில் டிரம்ஸ் பழகுபவர் யாராவது இருந்தால் என் பேச்சைக் கேட்காமல் அதையே வாங்குங்கள்.